மணிக்கட்டு வலிக்குக் குளிரா காரணம்?

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில், காலைப் பெரட்டுக்கு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வருவோர் பலர். கேட்டால், "குளிருங்க கிராணி, வாதம்" என்பார்கள். குளிர் விறைப்பைக் கூட்டலாம். நோயின் வேர் வேலையில் இருக்கிறது.

நாளெல்லாம் கொழுந்துக் கத்தரி அடிக்கும் கையில், தசைநார்கள் தம் உறைக்குள் உரசி உரசி அழற்சி கொள்கின்றன. அழற்சி என்பது காயத்தை ஆற்ற உடல் செய்யும் முயற்சிதான். கை ஓய்ந்தால் வீக்கம் வடியும். ஓயாத கையிலோ உறை தடித்து, விரலை மடக்கவே விடாது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மலையேறுகிறார்கள். வலி அடங்கும், உரசல் அடங்குமா? மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடக்கூடும். (எண்ணெய் தேய்ப்பதை நாம் குறை சொல்லவில்லை.)

தோழர்களே, 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை தொழில் நோய்களைப் பட்டியலிடுகிறது. கையைத் திரும்பத் திரும்ப அசைப்பதால் மணிக்கட்டில் வரும் அழற்சியும் அதில் உண்டு. 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. நேபாள, வங்காளதேசத் தோழர்களிடமும் இதைச் சொல்லுங்கள். டாக்டரிடம் "கை வலி" என்றதோடு நில்லாமல், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நிர்வாகங்களும் கத்தரிக்காரரை வாரத்தில் சில நாள் வேறு வேலைக்கு மாற்றட்டும், கூலி குறையாமல்.