வீட்டு மீட்டர் ஓடுகிறது, லாபம் யாருக்கு?

வீட்டு மூலையில் ஒரு மெஷினை ஓடவிட்டால் போதும், அது இரவும் பகலும் பிட்காயின் தோண்டிக் கொடுக்கும் என்று நம் வாலிபர்களிடம் ஆசை காட்டுகிறார்கள். நகையை அடகு வைத்து வாங்கலாமா என்று சில தோழர்கள் நம்மிடமே கேட்கிறார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கூலி கைக்கும் வாய்க்கும் எட்டாதபோது மனிதன் வேறு வழி தேடத்தான் செய்வான். ஆனால் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

தோண்டுவது என்றால் மண்வெட்டி வேலையல்ல. மெஷின் கோடானுகோடி எண்களை ஊகித்துக்கொண்டே இருக்கும். சரியான எண்ணை முதலில் பிடித்தவருக்குக் காசு. சிறியவர்கள் கூட்டாகச் சேர்ந்து பங்கு பிரித்துக்கொள்வதும் உண்டு. 2009-ல் பத்து நிமிஷத்துக்கு 50 காசு கிடைத்தது. நாலு வருஷத்துக்கொரு முறை அதைப் பாதியாக்கி, 2024 ஏப்ரலில் 3.125 ஆக்கிவிட்டார்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 450 காசுதான். களத்துமேட்டில் கிடக்கும் நெல் அவ்வளவே; அறுப்புக்கு வரும் ஆள் மட்டும் நாளுக்கு நாள் பெருகினால் ஒவ்வொருவர் கூலியும் என்னவாகும்? விவசாயத் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆன்ட்மைனர் எஸ்19 புரோ என்ற மெஷின் 3,250 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 78 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் அறிவித்தார்களே, அது இதற்கு ஒன்றரை நாள்கூடத் தாங்காது. யூனிட் 8 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்: மாதம் 18,720 ரூபாய்! 2025-ல் உலகில் ஓடிய மெஷின்களின் மொத்தத் திறனில் இதன் பங்கு 70 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்தக் கணக்கில் ஒரு முழுக் காசு சேர 40 வருஷத்துக்கு மேலாகும். மின்சாரச் செலவு மட்டும் 95 லட்சத்தைத் தாண்டும். காசின் சந்தை விலையோ 2025-ல் இதற்கு மேலும் கீழுமாக ஆடியது. புது மெஷின் வேகமானது, மெய்தான். அதற்கு விலையும் கூட.

சரிக்குச் சரி வந்தாலும் வரி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் இந்த வருமானத்தில் 30 சதவீதம் கேட்கிறது. தோண்டுவதற்கான உள்கட்டமைப்புச் செலவைக் கழிக்க முடியாது என்று அதே ஆண்டு மார்ச்சில் லோக்சபாவில் பதில் சொல்லிவிட்டார்கள். நஷ்டத்தையும் ஈடு கட்ட முடியாது.

அப்படியானால் சம்பாதிப்பவர் யார்? அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அங்கே கடும் வெயில். ரையட் என்ற கம்பெனி அந்த மாதம் தோண்டிய 333 காசின் மதிப்பு சுமார் 89 லட்சம் டாலர். மின்சார நெருக்கடியில் மெஷின்களை நிறுத்தியதற்கும், ஒப்பந்த மின்சாரத்தை விட்டுக்கொடுத்ததற்கும் அதே மாதம் அதற்குக் கிடைத்த சலுகை 3 கோடியே 17 லட்சம் டாலர்! வேலையை நிறுத்தியதற்கு மூன்று மடங்குக்கு மேல் கூலி! மில் கதவடைப்பில் நமக்கு யாராவது இப்படிக் கொடுத்ததுண்டா? மலிவு மின்சாரத்தை மொத்தமாகப் பேசி முடிக்கும் பெருமுதலாளியோடு, வீட்டு மீட்டரை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் போட்டி போட முடியாது.

மெஷின் விற்க வருகிறவர் காட்டும் லாபக் கணக்கைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள். கரண்ட் பில்லையும் எடுத்து வாருங்கள். யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறார், வரியைச் சேர்த்திருக்கிறாரா என்று பார்ப்போம். அதுவரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.