வரைபடத்தில் நமது லயன் எங்கே?

தேயிலைக் காணி இன்னும் இருபது வருடத்தில் எப்படி இருக்கும் என்று இப்போது கணனியிடம் கேட்கிறார்கள். எவ்வளவு தேயிலை மிஞ்சும், எது காடாகும், எங்கே கட்டடம் எழும் என்று அது வரைபடம் போட்டுக் கொடுக்கிறது. அந்தக் காணியில் பரம்பரையாகக் குடியிருப்பவர்கள் நாம். ஆகவே அந்தப் படம் எப்படிப் போடப்படுகிறது என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முறையில் பெரிய மந்திரமில்லை. ஒரே இடத்தைச் செய்மதி வெவ்வேறு வருடங்களில் எடுத்த படங்களை ஒப்பிடுகிறார்கள். நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேயிலை, காடு, புல், குடியிருப்பு என்று ஒரு பெயர் கொடுக்கிறார்கள். முன்பு தேயிலையாக இருந்த சதுரங்களில் எத்தனை பின்பு வேறாகிவிட்டன என்று கணனி எண்ணுகிறது. பாதை எவ்வளவு தூரம், சரிவு எவ்வளவு, பக்கத்துச் சதுரம் என்ன என்பதையும் பார்க்கிறது. பிறகு, இதுவரை மாறியது போலவே இனியும் மாறும் என்று வைத்துக்கொண்டு வருங்காலத்தை வரைகிறது.

சதுரத்தின் அளவைக் கவனியுங்கள். பரவலாகப் பயன்படும் லாண்ட்சாட் செய்மதிப் படத்தில் ஒரு சதுரம் 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம் கணக்கில் ஏறக்குறைய 35 பேர்ச்சஸ். அதற்கு ஒரே ஒரு பெயர்தான். இத்தனை வருடம் போராடிக் கேட்ட 7 பேர்ச்சஸ் காணி அதில் ஐந்தில் ஒரு பங்கு. மலைக்கு நடுவே நிற்கும் லயன், சுற்றியுள்ள செடிகளோடு சேர்ந்து ‘தேயிலை’ ஆகிவிடக்கூடும். பின்வாசலில் நாம் போட்ட கோவா பாத்தியும் மாட்டுப்பட்டியும் கோயிலும் மயானமும் தனியாகத் தெரியாது. இதைவிடத் தெளிவான படங்களும் இன்று உண்டு. ஆனால் பெயர்ப் பட்டியலில் ‘தோட்டக் குடியிருப்பு’ என்று ஒன்றே இல்லாவிட்டால், கணனி நம்மை எங்கே போய்த் தேடும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. மானா புல் ஏறி, மரம் முளைத்த மலையைச் செய்மதி பார்த்தால் ‘தேயிலை காடாகிவிட்டது’ என்று பதியும். மறுநடுகை செய்யாமல் விட்டது யார், புல்லு வெட்ட ஆள் போடாதது யார் என்று அது கேட்காது. நிர்வாகம் எடுத்த முடிவு, இயற்கையாக நடந்த மாற்றம் போலக் கணக்கில் ஏறிவிடும். நாளை அதே படத்தைக் காட்டி, தேயிலை எப்படியும் குறையத்தான் போகிறது என்று சம்பளப் பேச்சில் சொன்னால் நாம் தலையாட்ட முடியுமா?

இந்த மலைகள் ஒருபோதும் பழைய கணக்கின்படி நடந்ததில்லை. 1869 இல் இலையில் துரு நோய் தோன்றும் வரை இங்கே கோப்பிதான் ராஜா. அன்றைய போக்கை வைத்துக் கணித்திருந்தால் இன்றும் கோப்பி பறித்துக்கொண்டிருப்போம். 1972 லும் 1975 லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களும், 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியதும் மனிதர் எடுத்த முடிவுகள்.

கணனி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சரிவு, மழை, நிலத்தின் பயன்பாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எந்த லயன் ஆபத்தில் நிற்கிறது என்று அறியலாம். 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. ஜனங்களுக்கு மாற்று இடம்தான் இருக்கவில்லை.

ஆகவே தோட்டக் காணி பற்றி எந்தத் திட்டம் வந்தாலும், அதன் வரைபடத்தைத் தமிழில், இறுதி முடிவுக்கு முன்னதாகவே தொழிலாளரிடம் காட்ட வேண்டும் என்று சங்கம் கோருகிறது. அரச அலுவலகங்களிடம் உள்ள வரைபடங்களை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரஜைகள் எவரும் கேட்டுப் பெறலாம். தோட்டக் கமிட்டிகள் அதற்குக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலும் லயன், வீட்டுத்தோட்டம், பீலி, கோயில், மயானம், கைவிடப்பட்ட மலை, அது எந்த வருடம் கைவிடப்பட்டது என்பதை எல்லாம் ஒரு தாளில் குறித்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வயதான அம்மாமாரையும் தாத்தாமாரையும் கேளுங்கள். எந்த மலையில் எப்போது என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.