நாக்குத் தவறினால் தொழுகை போய்விடுமா?

"ஓதியது சரியா? தொழுதது மூன்று ரக்அத்தா, நான்கா?" இந்த ஐயம் தொழுகையாளிகள் பலருடைய நிம்மதியைக் கெடுக்கின்றது. முறையாக ஓதிப் படிக்க வாய்ப்பில்லாமல், வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்தவர்களுக்கு இக்கவலை அதிகம். சிலர் ஒரே தொழுகையைத் திரும்பத் திரும்பத் தொழுகிறார்கள். வேறு சிலரோ, "தப்பாக ஓதுவதைவிடச் சும்மா இருப்பதே மேல்" என்று தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாத வேலை.

தமிழ் நாக்குக்கு இது புதிய சங்கடமன்று. பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நிறுவியவர் தமிழ் முஸ்லிம்களின் தலைவரான காதிர் முகைதீன். அன்று முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பேசும் வாய்கள் அங்கே அரபு ஓதி வருகின்றன.

அரபு எழுத்துக்கள் இருபத்தெட்டு. அவற்றுள் பலவற்றுக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. 'குல்' என்று தமிழில் எழுதுகிறோம். அடித்தொண்டையிலிருந்து வரும் 'காஃப்' எழுத்தால் சொன்னால் 'சொல்வீராக' என்று பொருள். சாதாரணக் 'க' ஒலியால் சொன்னால் 'தின்பாயாக' என்று பொருள்! தமிழ் எழுத்தில் அச்சிட்ட தொழுகைப் புத்தகத்தை மட்டும் பார்த்து ஓதினால் இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. நம் முன்னோர் இதை உணர்ந்துதான் தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழை வளர்த்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வெழுத்திலேயே மார்க்கச் சட்ட நூல் எழுதினார். அதைப் படித்தவர்களுக்கு அரபு எழுத்தும் கூடவே பழகியது.

சரி, தெரியாமல் தவறிவிட்டால் என்ன செய்வது? மலாய்க்காரர்களும் நம் கடற்கரை ஊர் முஸ்லிம்களும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்டம் இது.

பாத்திஹா சூரா தொழுகையின் தூண். அதில் பொருள் மாறாத சிறு பிழை வந்தால் தொழுகைக்குக் கேடில்லை. பொருள் மாறும் பிழை வந்தால், எடுத்துக்காட்டாக, 'நீ அருள் புரிந்தாய்' என்னும் 'அன்அம்த' என்ற சொல்லை 'நான் அருள் புரிந்தேன்' என்று பொருள்படும்படி 'அன்அம்து' என்று சொல்லிவிட்டால், உடனே அந்த இடத்தைத் திருத்தி ஓத வேண்டும். வேண்டுமென்றே செய்யாதவரை தொழுகை முறிந்துவிடாது. பாத்திஹாவுக்குப் பின் ஓதும் சூராவில் அறியாமல் நாக்குப் பிசகினால் தொழுகை முறியாது. எவ்வளவு முயன்றும் நாக்குத் திரும்பாத முதியவரின் தொழுகை அவரளவில் செல்லும். ஆனால் நன்றாக ஓதத் தெரிந்தவர்களுக்கு அவர் இமாமாக நிற்கக் கூடாது. கற்க முடிந்தும் கற்காமல் இருப்பதுதான் குற்றம்.

ரக்அத் எண்ணிக்கையில் ஐயம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை உறுதியாகக் கொள்ள வேண்டும். மூன்றா, நான்கா என்றால் மூன்று என்று கொண்டு இன்னொன்று தொழுது, ஸலாம் கொடுப்பதற்கு முன் மறதிக்காக இரண்டு சஜ்தா செய்ய வேண்டும். ஸலாம் கொடுத்த பிறகு, "ஒரு ரக்அத் விட்டுப் போயிற்றோ?" என்று மனம் கிளப்பும் ஐயத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதுபோலவே, பாத்திஹாவை ஓதி முடித்தபின், "ஓர் எழுத்தை விட்டேனோ?" என்று தோன்றினாலும் விட்டுவிடலாம்.

இங்கே ஒரு குறிப்பு. ராவுத்தர் குடும்பங்கள் பல ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவை. அவர்கள் வலப்பக்கம் ஸலாம் கொடுத்த பின்பே மறதி சஜ்தா செய்வார்கள். பினாங்கில் இரு வகையினரும் ஒரே பள்ளியில் நிற்பதுண்டு. பக்கத்திலிருப்பவர் நம்மைப் போல் செய்யவில்லையே என்று அவர் தொழுகையைக் குறை சொல்ல வேண்டாம்.

மறதி எவருக்கும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஒரு முறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் என்ற தோழர் பணிவோடு கேட்டார். நபியவர்கள் மற்றவர்களிடம் விசாரித்தார்கள், மீதியைத் தொழுதார்கள், இரண்டு சஜ்தா செய்தார்கள். யாரும் யாரையும் ஏசவில்லை. இமாம் தவறினால் ஆண்கள் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று சொல்லவும், பெண்கள் கை தட்டவும் மார்க்கம் வழி வகுத்திருப்பதிலிருந்தே, தவறு நேரும் என்பது முன்பே எண்ணப்பட்ட காரியம் என்று விளங்கவில்லையா?

சிரமப்பட்டுத் திக்கித் திக்கிக் குர்ஆன் ஓதுகிறவருக்கு இரட்டிப்பு நன்மை உண்டு என்று நபிமொழி கூறுகின்றது. ஓதிய களைப்புக்கு ஒன்று, ஓதியதற்கு ஒன்று. அதிகாலையில் எழுந்து பால்மரம் சீவப் போகும் தாய்க்கும், செம்பனைக் குலை வெட்டி அலுத்து வரும் தந்தைக்கும் இதைவிட ஆறுதல் வேறென்ன?

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளை ஓர் உஸ்தாதின் முன் உட்கார வையுங்கள். எழுத்து உச்சரிப்பு ஆசானின் வாயைப் பார்த்து வர வேண்டியது. வெட்கப்படாமல் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். நாளைக்கு ஓர் எழுத்துத் திருந்தினால் போதும். அதுவரை இன்று தெரிந்ததைக் கொண்டு இன்றைய தொழுகையைத் தொழுங்கள்.