விமானத்துக்கும் ஸ்கேன்: உள்ளே இருக்கும் விரிசலை ஒலி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டை நினைத்துப் பாருங்கள். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி ரொம்பவே மெலிசு. ஆனால் ஈர மாவோடு சேர்ந்தால், கையின் வளைவுக்கு ஏற்ப ஓடு மாதிரி இறுகிவிடும். விமானங்களில் வரும் காம்போசிட்டும் கிட்டத்தட்ட இதே ஐடியாதான்: துணிக்குப் பதில் கார்பன் இழை, மாவுக்குப் பதில் பிசின். போயிங் 787-ன் எடையில் சுமார் பாதி இதுதான். நம்ம தேஜஸ் போர் விமானத்தின் வெளிப்பரப்பில் சுமார் 90 சதவீதம்.

என்ன சிக்கல்?

உலோகத்தில் அடிபட்டால் நசுங்கும், பார்த்தாலே தெரியும். காம்போசிட்டில் மேலே தடமே இல்லாமல், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கைதவறி விழுந்த ஒரு ஸ்பேனர்கூடப் போதும்.

ஒலி என்ன செய்கிறது?

20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி நம் காதுக்குக் கேட்காது. வயிற்று ஸ்கேன் போல, அந்த அல்ட்ராசோனிக் அலையை அனுப்பி எதிரொலியைப் படிக்கலாம். ஆனால் இறக்கை முழுக்க இன்ச் இன்ச்சாகப் பார்க்க நேரம் பிடிக்கும். அதனால் சில சென்சார்களை ஒட்டி, தகட்டின் வழியாகவே ஓடும் அலைகளை அனுப்புகிறார்கள். 1917-ல் ஹொரேஸ் லாம்ப் விளக்கிய அலைகள் இவை. சேதம் இருந்தால் அலை சிதறும். சேதம் இல்லாதபோது எடுத்த பதிவோடு ஒப்பிட்டால் தெரியும்.

வளைந்த பாகத்தில்தான் கஷ்டம். இழையின் திசைக்கு ஏற்ப அலையின் வேகம் மாறும். வளைவும் தடிமனும் அதன் போக்கை மாற்றும். வெயில் ஏறினாலே சிக்னல் மாறும். எது சேதம், எது வெப்பம் என்று பிரிப்பதுதான் ஆய்வாளர்களின் சவால்.

கொலம்பியா சொன்ன பாடம்

2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணில் ஏறியபோது, உடைந்த ஃபோம் துண்டு ஒன்று இறக்கையின் வளைந்த கார்பன் முனையில் மோதியது. படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி இன்ஜினியர்கள் கேட்டார்கள், நடக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற விண்கலங்களின் இறக்கை முனைகளில் மோதலை உணரும் சென்சார்கள் வந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் காம்போசிட் ஆய்வு நடக்கிறது. புதிய மெட்டீரியல் செய்யக் கற்றுத்தரும் எந்தக் கல்லூரியும், அதைச் சோதிக்கவும் அதே அக்கறையோடு கற்றுத்தர வேண்டும். ‘இதைப் பறக்க விடாதீங்க’ என்று ஒரு ஜூனியர் சொன்னால், நிர்வாகம் நின்று கேட்கவும் வேண்டும். சென்சார் எச்சரிக்கத்தான் முடியும். நிறுத்துவது மனிதர்கள் கையில்தான் இருக்கிறது.