பட்டை கூட்டினால் பாரம் தாங்குமா?

கேள்வி: நெடுங்காடு கொம்யூனில் நெல்லும், அறுவடைக்குப் பின் உளுந்தும் சாகுபடி செய்யும் வாசகர் ஒருவர் பழைய சின்ன சரக்கு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். நெல் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறது. வாய்க்கால் கரைச் சாலைப் பள்ளத்தில் இறங்கினால் ‘டங்’ என்று இடிக்கிறது. பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்று ஸ்பிரிங் பட்டறையில் சொல்கிறார்களாம். போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

பதில்: வண்டிக்கு வில் என்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. ஆட்கள் ஏறிச் சென்ற வில்வண்டிக்கு இரும்புப் பட்டை வில் இருந்தது. நெல்லும் எருவும் ஏற்றிய கட்டை வண்டிக்கு வில் கிடையாது. வேலை வேறு என்பதால் வண்டியும் வேறாக இருந்தது. இன்றைய சின்ன சரக்கு வண்டி இரண்டு வேலையையும் செய்கிறது. 2005-இல் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், முக்கால் டன் வகுப்பு வண்டி. காலையில் முழுப் பாரத்தோடு போகும், மாலையில் காலியாகத் திரும்பும். ஒரே பட்டைக் கட்டு இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஆகவே அறுவடை நாளின் பாரத்தை மட்டும் மனதில் வைத்து ஸ்பிரிங்கை முடிவு செய்யக் கூடாது. வருடத்தில் அதிக நாட்கள் வண்டி எவ்வளவு எடையோடு ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் அளவு

ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது, அது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்ற கணக்குதான். இதை ஒரு அளவு நாடாவும் எடை மேடையும் இருந்தால் விவசாயியே கண்டுபிடிக்கலாம்.

நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தவும். பின்சக்கர நடுவிலிருந்து மேலே சரக்குத் தொட்டியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து குறித்துக் கொள்ளவும். அச்சுக்கும் அதன் மேலுள்ள இடிதாங்கி ரப்பருக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் அளக்கவும். பிறகு எடை மேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பார்க்கவும். மூட்டை ஏற்றிய பின் இதே அளவுகளையும் எடையையும் மறுபடி எடுக்கவும்.

ஓர் உதாரணம்: 60 கிலோ மூட்டை 10 ஏற்றினால் 600 கிலோ. அதில் 480 கிலோ பின்சக்கரங்களில் இறங்குவதாக எடை மேடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 240 கிலோ. வண்டி 48 மி.மீ. அமுங்கியிருந்தால், ஒரு கட்டின் விறைப்பு மி.மீட்டருக்கு 5 கிலோ. காலி வண்டியில் ரப்பருக்கு 80 மி.மீ. இடைவெளி இருந்தால், பாரம் ஏற்றிய பின் மிச்சம் 32 மி.மீ. மண் சாலைப் பள்ளங்களை இந்த மிச்சம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இது தீர்ந்த இடத்தில்தான் ‘டங்’ சத்தம்.

பட்டை கூட்டினால் கிடைப்பது என்ன?

கட்டில் ஒரே கனமுள்ள 5 பட்டை இருந்தால், ஒன்று கூட்டும்போது விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறும். மேற்சொன்ன உதாரணத்தில் 5 கிலோ, 6 கிலோ ஆகும். அதே பாரத்துக்கு 48-க்குப் பதில் 40 மி.மீ. அமுங்கும். இரண்டு கூட்டினால் 7 கிலோ. சுமார் 34 மி.மீ. அமுங்கும். ஆக இரண்டு பட்டையால் கிடைப்பது 14 மி.மீ. இடம்.

பட்டையின் கனத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அகலமும் நீளமும் ஒன்றாக இருந்தாலும், 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 8 மி.மீ. பட்டை போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கனம் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு மும்மடிக் கணக்கில் ஏறுவதே காரணம். பெரிய வண்டியில் கழற்றிய பழைய பட்டையை வெட்டிச் சேர்ப்பது இதனால்தான் ஆகாது.

விறைப்பான கட்டின் தொல்லை காலியாகத் திரும்பும்போது தெரியும். பாரம் இல்லாத பின்பக்கம் துள்ளும். டயர் தரையை விட்டு விட்டுத் தொடும். டயர் தரையில் அழுந்தியிருந்தால்தான் பிரேக் பிடிக்கும். சாலையில் நெல்லோ உளுந்துச் செடியோ காயப் போட்டிருக்கும் நாட்களிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சில சரக்கு வண்டிகளில், பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. பட்டை கூட்டி வண்டி உயர்ந்துவிட்டால், பாரம் குறைவு என்று எண்ணி அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

இன்னொன்று: பட்டை கூடினால் வண்டி அமுங்காதே தவிர, அச்சு, சக்கர பேரிங், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவைதான். அவற்றின் தாங்கும் சக்தி ஒரு கிலோகூட ஏறாது. வண்டி அமுங்குவது ஓர் எச்சரிக்கை. பட்டை கூட்டி அதை மறைத்தால் பதினைந்து மூட்டை ஏற்றத் தைரியம் வரும். பிறகு வெடிப்பது டயராகவோ விரிவது சேசிஸாகவோ இருக்கும். பதிவுச் சான்றில் காலி எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். அந்த வித்தியாசம்தான் ஓட்டுநரையும் சேர்த்து ஏற்றக்கூடிய அளவு. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடையை இரண்டு நடையாக்கினால் ஆகும் டீசல் செலவு இதைவிடக் குறைவு.

பட்டறைக்குப் போகும் முன்

பழைய வண்டி என்பதால் கீழ்க்கண்டவற்றை முதலில் பார்க்கவும்.

1. காலி வண்டியில் இடது, வலது அளவுகள் ஒரு விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், ஒரு கட்டில் பட்டை ஒடிந்திருக்கலாம் அல்லது வளைவு போயிருக்கலாம். சென்டர் போல்ட் துளை அருகே விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும்.

2. இடிதாங்கி ரப்பர் இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்று பார்க்கவும். சத்தத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

3. பின்பக்கத்தை அழுத்தி விடவும். ஒன்றிரண்டு முறைக்கு மேல் ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. ஆட்டத்தை அடக்குவது அதன் வேலை. ஸ்பிரிங்கை விறைப்பாக்கி அதைச் சரிசெய்ய முடியாது.

4. கட்டு தளர்ந்திருந்தால், கம்பெனி அளவிலேயே புதிய கட்டு இரண்டு பக்கமும் சேர்த்துப் போடவும். பழைய பட்டையை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தால், முறையாகப் பதம் ஏற்றாதவரை அந்த எஃகு சீக்கிரம் தொய்ந்துவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, அனுமதித்த எடைக்குள்ளேயே ஏற்றியும் இடித்தால் மட்டும் மாற்றம் தேவை. அப்போதும் பாரம் ஏறிய பிறகே தொட்டு வேலை செய்யும் துணைக் கட்டு அந்த மாடலுக்குக் கம்பெனியிலேயே உண்டா என்று கேட்கவும். காலி வண்டியில் அது சும்மா இருக்கும் என்பதால் துள்ளல் வராது. கட்டு மாற்றிய பின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டை மறுபடி முறுக்க மறக்க வேண்டாம்.

வைக்கோல் ஏற்றுவோருக்கு ஒரு குறிப்பு: வைக்கோலில் எடை குறைவு, உயரம் அதிகம். வண்டி சாய்வதைப் பட்டையால் சரிக்கட்ட நினைக்காமல், அடுக்கும் உயரத்தைக் குறைப்பதே நல்லது.

கடலோரக் கொம்யூன்களில் உப்புக் காற்று பட்டைகளுக்கு எதிரி. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீர் இன்னும் மோசம். பட்டைகளுக்கிடையே துரு ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் இறுகும். வண்டி உதறும், துருக் குழியில் விரிசல் தொடங்கும். மீன் ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவவும். பல பட்டைக் கட்டானால் அவ்வப்போது பிரித்துச் சுத்தம் செய்து கிராஃபைட் கிரீஸ் இடச் சொல்லவும்.

கேள்வி: திருமலைராயன்பட்டினம் வாசகர் ஒருவரின் பழைய காரில் ஐந்து பேர் ஏறினால் வேகத்தடையில் அடி உரசுகிறது. சுருள் ஸ்பிரிங்குக்கு இடையில் ரப்பர் பஃபர் வைக்கலாமா?

பதில்: ரப்பர் வைத்த சுற்றுகள் சரியாக வேலை செய்யாது. வேலை செய்யும் சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். மிச்சச் சுற்றுகள் கூடுதல் பாரம் வாங்கும். மேலும் காரில் முன்னும் பின்னும் ஒரு பொருத்தம் வைத்தே ஸ்பிரிங் தேர்வு செய்கிறார்கள். பின்பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால், மழையில் வளைவு திரும்பும்போது பின்பக்கம் வழுக்கும் அபாயம் கூடும். கார் மேடான பின் நிமிடத்துக்கு 60 முதல் 90 முறை ஆடும் அளவுக்கு ஸ்பிரிங் இருந்தால் உடம்புக்கு இதம். பழைய ஸ்பிரிங் தொய்ந்திருந்தால், அதே மாடலுக்கான புதிய ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றவும். டிக்கியில் தேவையில்லாத எடையை இறக்கவும். டயர் காற்றை முழு ஆள் பாரத்துக்குரிய அளவில் வைக்கவும். அந்த அளவு பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும்.

நெடுங்காடு வாசகர் சம்பா அறுவடைக்கு முன்பே எடை மேடைச் சீட்டையும் அளவுக் குறிப்பையும் தயார் செய்துகொண்டு பட்டறைக்குப் போகட்டும். கையில் கணக்கு இருந்தால், எத்தனை பட்டை தேவை அல்லது தேவையே இல்லை என்பதை மெக்கானிக்கும் அவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.