தறிக்கு ஐந்து மணி ஏது?

ஆரணிக்குப் போயிருக்கிறீர்களா, நேயர்களே? நெசவாளர் தெருவில் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான் வரவேற்கும். அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் சமீபத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதி நெய்த பட்டுப் புடவையைத் தறியிலேயே விட்டுவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளை எழுந்து வந்தார். ஊர்த் திருவிழாவில் இரண்டு நாடகம் போட்டவராம்.

"சார், தறியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் டைரக்டர் ஆகிவிடலாமென்று பார்க்கிறேன். போகட்டுமா?"

கதவோரம் நின்ற தாயார் என் வாயையே பார்த்தார். 'போ' என்றால் அந்த அம்மாளுக்குப் பாவம். 'போகாதே' என்றால் பையனுக்குப் பாவம்! ஆகவே கே. பாலசந்தரின் கதையைச் சொன்னேன்.

நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930-ல் பிறந்தவர் அவர். முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர். 1950-ல் சென்னைக்கு வந்து அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவானார். பகலில் கணக்கு, மாலையில் நாடகம். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி' எல்லாம் அந்த நாளில் மேடையேறியவைதான். 1964-ல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதியபோதுகூட அவர் ஆபீஸ் உத்தியோகத்தை விடவில்லை. முதன்முதலாக அவர் படம் டைரக்ட் செய்தது 1965-ல். சென்னைக்கு வந்து பதினைந்து வருஷம் கழித்து!

அந்த முதல் படம் 'நீர்க்குமிழி'. கதை நடப்பது ஓர் ஆஸ்பத்திரியில், கதாநாயகன் நாகேஷ். சிரிக்க வைப்பவரைக் கொண்டே ஜனங்களை அழ வைத்தார். 1968-ல் வந்த 'எதிர்நீச்சல்' படத்தின் நாயகனுக்கோ மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம்தான் வீடு! நாடக மேடையில் மலையையும் அருவியையும் கொண்டுவர முடியுமா? மனிதர்களைத்தான் நிறுத்தலாம். மேடையில் படித்த அந்தப் பாடத்தை அவர் படத்திலும் மறக்கவில்லை. 1981-ல் கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தைப் படமாக்கியபோது, ஒரு கிராமத்தின் தாகத்தையே நம் முன் நிறுத்தினார். 2010-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவரைத் தேடி வந்தது. 2014 டிசம்பரில் காலமானார்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்காரர் உஸ்மான் செம்பேன், பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாவல்கள் எழுதினார், பிறகுதான் சினிமா. அவருடைய முதல் முழு நீளப் படம் வந்தது 1966-ல். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது!

"ஆகவே, தம்பி, வேலையில் இருந்துகொண்டே..." என்று பெருமையாக முடிக்கப் போனேன்.

"அவருக்கு ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. தறிக்கு ஐந்து மணி ஏது, சார்? புடவையை இறக்கினால்தானே கூலி?"

எனக்குப் பதில் வரவில்லை. கதை சொல்கிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிற விஷயம் இது.

பதில் கதவோரத்திலிருந்து வந்தது. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் தறியில் நான் உட்காருகிறேன். நீ போய் உன் நாடகத்தை எழுது. சென்னையை அப்புறம் பார்க்கலாம்."

பையன் தலை குனிந்தார். "அம்மாவுக்கு முழங்கால் வலி, சார்" என்றார் மெதுவாக.

அந்த வெள்ளிக்கிழமைகளில் அவர் என்ன எழுதப் போகிறாரோ, தெரியாது. முதல் காட்சியில் ஒரு தறியும் ஒரு தாயும் இருந்தால் போதும், நேயர்களே. நான் முதல் வரிசையில் உட்காரத் தயார்.