வெறும் அறையை விட விலைக்கழிவு மேல்

பதுளையில் புடவைக்கடை நடத்தும் எனக்கு ஒரு கணக்குத் தெரியும். இன்று விற்காத புடவையை நாளை விற்கலாம். இன்றிரவு வெறுமையாகக் கிடந்த ஹோட்டல் அறையை நாளை விற்க முடியாது. வெலிமடை மரக்கறியை விடவும் விரைவாக அழுகும் சரக்கு அது.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் வெளிநாட்டார் வரவு சரிந்தபோது, ஹோட்டல்கள் உள்நாட்டவருக்குக் கழிவுகளை அறிவித்தன. 2020இல் கொரோனாவால் விமான நிலையங்கள் மூடப்பட்டபோதும் நம்மவர்களையே தேடின. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியது. நெருக்கடியில் மட்டும் நினைவுக்கு வரும் வாடிக்கையாளர் எத்தனை நாள் நிலைப்பார்?

எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஹோட்டல் முதலாளிமாருக்கு என் யோசனை இதுதான். சீசனில் முழு விலையை வாங்குங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள். மற்றைய மாதங்களில், வார நாட்களில், சாதாரண குடும்பத்துக்கும் நிரந்தரக் கழிவு கொடுங்கள். விலையைக் கூட்டி எழுதிவிட்டுக் குறைப்பது கழிவல்ல, ஏமாற்று.

அறை நிறைந்தால் முச்சக்கர வண்டி ஓடும். தோட்டத்து இளைஞருக்கு வேலை நிலைக்கும். நம் கடைகளிலும் வியாபாரம் நடக்கும். குறைந்த இலாபம், நிறைந்த விற்பனை. இதை நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?